ஓடும் நீரும் ஓடும் பஞ்சும்: புர்க்கினா பாசோ நாட்டின் படிப்பினை

பருவநிலை மாற்றம் என்னும் சொல் இன்று நம் அங்கத்தினர் யாவருக்கும் பழகிய சொல்லாகிவிட்டது. ஆயினும் அம்மாற்றம் ஓர் ஏழை நாட்டின் உழவனிடமும் நெசவாளியிடமும் எவ்வழியாக வந்து சேர்கிறது, அவனுடைய நிலத்திலும் கடன் கணக்கிலும் தறியிலும் என்ன செய்கிறது என்பதைப் பலரும் ஆராய்ந்து பார்த்திருக்க மாட்டோம். மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள புர்க்கினா பாசோ என்னும் நாட்டை எடுத்துக்கொண்டால் இது தெளிவாக விளங்கும். அந்நாட்டு மக்கள் கம்பும் சோளமும் விளைவித்து உண்பவர்கள். விலைக்குப் பருத்தி பயிரிடுபவர்கள். கைத்தறியில் துணி நெய்பவர்கள். குழுவாகக் கூடித் தொழில் செய்யப் பழகியவர்கள். ஆகவே அவர்களுடைய வரலாறு நமக்கு அந்நியமானதன்று.

அவ்வரலாற்றில் இரண்டு பொருள்கள் ஓடிப் போகின்றன. ஒன்று, வயலில் பெய்த மழைநீர். மற்றொன்று, வயலில் விளைந்த பஞ்சு. முன்னதை அந்நாட்டு உழவர் தம் கைகளாலேயே பெருமளவு நிறுத்திக் காட்டினர். பின்னதை நிறுத்துவது இன்னும் அவர்கள் கைக்கு எட்டவில்லை. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தாலன்றி அந்நாட்டின் வறுமை நமக்குப் புரியாது.

நாட்டின் நிலை

புர்க்கினா பாசோ கடற்கரை இல்லாத நாடு. மாலி, நைஜர், பெனின், டோகோ, கானா, ஐவரி கோஸ்ட் ஆகிய ஆறு நாடுகள் அதனைச் சூழ்ந்துள்ளன. 1960 ஆகஸ்டில் பிரெஞ்சு ஆட்சியிலிருந்து விடுதலை பெற்றபோது அதன் பெயர் அப்பர் வோல்டா. 1984இல் தாமஸ் சங்காரா தலைவராயிருந்தபோது, நேர்மையாளரின் நாடு என்னும் பொருள்பட இப்போதைய பெயர் சூட்டப்பட்டது. 2019ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அங்கே இரண்டு கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழ்கின்றனர். உலக வங்கி அதனைக் குறைந்த வருமான நாடுகளின் வரிசையிலேயே வைத்துள்ளது.

அங்கே மழைக்காலம் ஒன்றே. ஏறத்தாழ ஜூன் முதல் செப்டம்பர் வரையில் பெய்வதே ஆண்டு முழுமைக்கும் போதவேண்டும். மற்ற மாதங்களில் வானம் வறண்டு, சகாரா பாலைவனத்திலிருந்து புழுதிக் காற்று வீசும். வடபகுதியில் ஆண்டு மழை 600 மில்லிமீட்டருக்கும் குறைவு. அதாவது 24 அங்குலத்துக்கு உட்பட்டது. தென்பகுதியில் அது 900 மில்லிமீட்டருக்கு மேற்படும். நீர்ப்பாசனம் உள்ள நிலம் மிகச் சிறிது. ஆகவே ஜூன் மாதத்தில் மழை பதினைந்து நாள் தவறினாலும் குடும்பத்தின் ஓராண்டு உணவு ஐயத்துக்கு உள்ளாகிறது.

மழையின் போக்கு மாறியது எவ்வாறு?

1968 முதல் 1973 வரையிலும், மீண்டும் 1983-84இலும், சாஹேல் எனப்படும் பாலைவன ஓரப் பிரதேசம் முழுவதும் கொடிய வறட்சி நிலவியது. 1950களின் மழையோடு ஒப்பிட்டால், அடுத்த முப்பது ஆண்டுகளில் மழைக் கோடுகள் நூறு கிலோமீட்டருக்கு மேல் தெற்கே தள்ளிப் போயின. ஓர் ஊர் தான் இருந்த இடத்தில் இருக்க, அதன் வானம் மட்டும் பாலைவனத்தின் பக்கமாக நகர்ந்துவிட்டது எனலாம்.

அக்காலத்தில் அறிஞர் பலர், உழவர் காட்டை அழித்தமையும் ஆடுமாடுகளை மிகுதியாக மேயவிட்டமையுமே இதற்குக் காரணம் என்றனர். நிலம் கெட்டதற்கு அவையும் காரணமே. ஆனால் மழை குறைந்ததற்குப் பெருங்காரணம் கடல்களின் வெப்ப நிலையில் ஏற்பட்ட மாறுதல் என்பது பின்னர் தெளிவாயிற்று. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் தொழிற்சாலைகள் கக்கிய புகைத்துகள்கள் சூரிய ஒளியை மறைத்து வட அட்லாண்டிக் கடலைக் குளிரச் செய்தமைக்கும் அதில் பங்குண்டு என்று இன்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். தன் வயலின் வரப்பையன்றி வேறொன்றையும் அறியாத உழவன், தான் காணாத புகைபோக்கிகளின் விளைவைச் சுமந்தான்.

1990களுக்குப் பின் மழையின் மொத்த அளவு ஓரளவு மீண்டது. ஆயினும் பழைய மழை மீளவில்லை. உலகின் சராசரி வெப்பம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியோடு ஒப்பிட, ஒரு சென்டிகிரேடு டிகிரிக்கு மேல் உயர்ந்துவிட்டது. வெப்பம் ஒரு டிகிரி கூடினால் காற்று சுமார் ஏழு சதவீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும். ஆகவே மழை பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது. பெய்யாத நாள்களில் மண்ணின் ஈரம் விரைந்து வற்றுகிறது. 1982 முதல் செயற்கைக்கோள்கள் பதிவு செய்தவற்றை ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட முடிவின்படி, சாஹேல் பகுதியில் கடும் புயல்மழைகளின் எண்ணிக்கை மும்மடங்காகிவிட்டது. 2009 செப்டம்பர் முதல் நாளன்று தலைநகர் வாகடூகுவில் சில மணி நேரத்தில் 263 மில்லிமீட்டர், அதாவது பத்து அங்குலத்துக்கு மேல், மழை கொட்டியது. ஒன்றரை இலட்சம் பேர் வரை அதனால் பாதிக்கப்பட்டனர்.

வெப்பமோ தனிக் கொடுமை. 2024 ஏப்ரல் தொடக்கத்தில் அண்டை நாடான மாலியின் காயேஸ் நகரில் 48.5 டிகிரி பதிவாயிற்று. அவ்வாரங்களில் மாலியிலும் புர்க்கினா பாசோவிலும் நிலவிய வெப்பம், மனிதரால் உண்டான புவி வெப்பம் இன்றி நேர்ந்திருக்காது என்று அதனை ஆராய்ந்த விஞ்ஞானிகள் கூறினர்.

நீரை நிறுத்திய கதை

கொட்டும் மழை, இறுகிய மண்ணில் நில்லாது. நாட்டின் வடக்கே யாட்டெங்கா என்னும் பகுதியில், மேல்மண் அரித்துப் போய் ஓடுபோல் இறுகிக் கிடக்கும் வெற்று நிலத்தை மக்கள் ஸிப்பெல்லே என்பர். அதில் மழை பெய்தாலும் வறட்சியே. நீர் ஓடிவிடும், விதையும் அதனோடு ஓடிவிடும்.

இதனைச் சீர்திருத்த முதலில் எடுத்த முயற்சியை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். 1962 முதல் 1965 வரை, ஐரோப்பிய உதவியுடன், பெரும் இயந்திரங்களைக் கொண்டு யாட்டெங்காவில் ஒரு இலட்சத்து இருபதாயிரம் ஹெக்டேர் பரப்பில் மண் கரைகள் போடப்பட்டன. வேலை விரைவாக நடந்தது. ஆனால் அந்நிலத்தில் உழுது வந்தவர்களை யாரும் கலந்து பேசவில்லை. கரைகள் எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்பதில் அவர்களுக்குச் சொல் இல்லை. தமதல்லாத கரைகளை அவர்கள் பழுது பார்க்கவுமில்லை. சில ஆண்டுகளில் அவை சிதைந்து போயின.

1979இல் ஆக்ஸ்பாம் என்னும் தொண்டு நிறுவனம் அதே யாட்டெங்காவில் வேறொரு திட்டத்தைத் தொடங்கிற்று. மரம் நடுவதே அதன் முதல் நோக்கம். ஊரார், மரத்துக்கு முன் எங்களுக்குத் தானியம் வேண்டும் என்றனர். திட்டத்தை நடத்தியோர் அதற்குச் செவி சாய்த்தனர். சரிவுக்குக் குறுக்கே கற்களை வரிசையாக அடுக்கும் பழைய வழக்கம் அங்கே இருந்தது. கற்களைச் சம மட்டத்தில் அடுக்கினால்தான் நீர் பரவி நிற்கும். மட்டம் தவறினால் ஒரு முனையில் உடைத்துக்கொண்டு ஓடும். இதற்கு, இங்கே கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் முறையையே கையாண்டனர்: ஒளி ஊடுருவும் குழாய் ஒன்றில் நீர் நிரப்பி, இரு முனைகளையும் அளவிட்ட கோல்களில் கட்டிப் பார்ப்பது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் ஓரிரு நாளில் இதனைக் கற்றுக்கொண்டனர். கல்வரப்பு நீரை முழுதும் தடுப்பதில்லை. வேகத்தைக் குறைத்து, வண்டலைப் பிடித்து, மிகுதியைக் கசிய விடுகிறது. ஆகவே பெருமழையிலும் அது உடைவதில்லை.

இதனோடு இணைந்தது ஸாய் என்னும் குழி முறை. கோடையில் ஒரு சாண் முதல் ஒன்றரைச் சாண் வரை அகலமும் நான்கு முதல் எட்டு அங்குலம் வரை ஆழமும் உள்ள குழிகளை வரிசையாகத் தோண்டி, ஒவ்வொன்றிலும் ஓரிரு கைப்பிடி தொழு உரம் இடுகின்றனர். உரத்தை நாடிக் கறையான்கள் வருகின்றன. நம்மால் பகை எனக் கருதப்படும் கறையான் அங்கே கூலி கேளாத தொழிலாளி. அது துளைக்கும் வழிகளில் மழைநீர் ஆழ இறங்குகிறது. முதல் மழைக்குப் பின் குழியில் சோளமோ கம்போ விதைக்கின்றனர். ஒன்றுமே விளையாத நிலத்தில், மழை குன்றிய ஆண்டிலும் ஹெக்டேருக்குச் சில நூறு கிலோ தானியம் கிடைக்கிறது.

இப்பழைய முறையைத் திருத்திப் பெருக்கியவர்களுள் முதன்மையானவர் யாகூபா சவாடோகோ. வாஹிகூயா நகருக்கருகே குர்கா என்னும் ஊரைச் சேர்ந்தவர். 1980ஐ ஒட்டிய வறட்சி ஆண்டுகளில் ஊரார் குடிபெயர்ந்து செல்ல, அவர் தங்கிக் குழி வெட்டினார். உரத்தோடு வந்த விதைகளில் மரக்கன்றுகள் முளைக்க, அவற்றையும் காத்து ஒரு காட்டையே உண்டாக்கினார். அவருடைய காட்டுக்குத் தீ வைத்தவர்களும் இருந்தனர். 1984 முதல் அவர் தம் நிலத்தில் கூட்டங்கள் கூட்டினார். பல ஊர் உழவர்கள் வந்து விதைகளையும் அனுபவங்களையும் பரிமாறிக்கொண்டனர். 2018இல் அவருக்கு ரைட் லைவ்லிஹூட் விருது வழங்கப்பட்டது. 2023 டிசம்பரில் அவர் காலமானார்.

மத்திய பீடபூமியில் இவ்வகை முறைகளால் மீட்கப்பட்ட நிலம் இரண்டு இலட்சம் முதல் மூன்று இலட்சம் ஹெக்டேர் வரை இருக்கும் என்று மதிப்பிடுகின்றனர்.

கூடிச் செய்ததால் நின்றது

ஒரு ஹெக்டேரில் பதினாயிரத்துக்கு மேற்பட்ட ஸாய் குழிகள் வேண்டும். ஒருவர் தனியே தோண்டினால் சுமார் 300 மணி நேர உழைப்பு. கல்வரப்புக்குக் கற்களைத் தொலைவிலிருந்து சுமந்து வரவேண்டும். தனிக் குடும்பத்தால், அதிலும் ஆண்மக்கள் வெளிநாட்டுத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போய்விட்ட குடும்பத்தால், இது ஆகக்கூடிய காரியமன்று. இங்கேதான் குழுக்கள் முன்வந்தன.

மோசி இன மக்களிடையே இளைஞர்கள் கூடிப் பயிர்த்தொழில் செய்யும் பழைய சங்கம் ஒன்று இருந்தது. அதனை அடிப்படையாகக் கொண்டு, ஆசிரியராயிருந்த பெர்னார் லெதியா உவெத்ராகோ 1967இல் யாட்டெங்காவில் நாம் குழுக்களைத் தொடங்கினார். அவர்கள் மொழியில் அச்சொல்லுக்கு அதிகாரம் என்பது பொருள்; நம் மொழியின் சொல்லோடு அது ஒலியில் ஒத்திருப்பது தற்செயலே, ஆயினும் பொருத்தமானதே. வெளியிலிருந்து ஒரு அமைப்பைக் கொண்டுவந்து ஊரார்மேல் சுமத்தாமல், ஊரில் இருந்ததையே வளர்ப்பது என்பது அவர் கொள்கை. குழுக்கள் கிணறு வெட்டின, தானியக் களஞ்சியம் அமைத்தன, கல்வரப்பு கட்டின. வேலையற்றுக் கிடந்த கோடை மாதங்களை உழைப்பின் மாதங்களாக ஆக்கியதே அவற்றின் பெருஞ்சாதனை. 1990இல் அவருக்கும் ரைட் லைவ்லிஹூட் விருது கிடைத்தது.

பஞ்சு ஓடிப்போகும் கதை

வடக்கே தானியம் எனின், தெற்கிலும் மேற்கிலும் பருத்தி. நெடுங்காலம் அதுவே நாட்டின் முதன்மையான ஏற்றுமதிப் பொருள். 2009இல்தான் தங்கம் அதனை முந்தியது. சுரங்கத் தங்கம் அரசுக்கு வருவாய் தருவது உண்மை. ஆனால் பெருஞ் சுரங்கங்களில் வேலை பெறுவோர் சிலர். பருத்தியை நம்பி வாழ்வோர் இலட்சக்கணக்கானோர்.

பருத்தி உழவர்கள் ஊர்தோறும் குழுவாகச் சேர்ந்து, விதை, உரம், பூச்சிமருந்து ஆகியவற்றைப் பருத்தி நிறுவனத்திடம் கடனாகப் பெறுகின்றனர். அறுவடையில் கடன் கழித்துக்கொள்ளப்படும். குழுவில் ஒருவர் கடனுக்கு எல்லோரும் பிணை. முன்பு ஊர் முழுவதும் ஒரே குழுவாயிருந்தபோது, ஒருவர் வாங்கிய கடனைப் பிறர் சுமக்க நேர்ந்து மனக்கசப்பு வளர்ந்தது. ஆகவே 1990களின் பிற்பகுதியில், ஒருவரையொருவர் அறிந்து தாமே விரும்பிச் சேரும் சிறு குழுக்களாக அவை திருத்தியமைக்கப்பட்டன. அக்குழுக்களின் தேசிய ஒன்றியம் 1999இல், ஸோபிடெக்ஸ் என்னும் பெரும் பருத்தி நிறுவனத்தில் 30 சதவீதப் பங்கைப் பெற்றது. விலை பேசும் மேசையில் உழவனுக்கும் ஓர் இருக்கை கிடைத்தது.

பருவநிலை மாற்றம் இக்கடன் கணக்கில்தான் குடிபுகுகிறது. ஜூன் மழை தவறினால் விதைத்ததை அழித்து மறுபடி விதைக்க வேண்டும், கடன் இரட்டிக்கிறது. உரமிட்ட மறுநாள் பெருமழை கொட்டினால் உரம் ஓடிப்போகிறது, கடன் ஓடுவதில்லை. ஒருவர் வயல் பொய்த்தால் அண்டை வயல்காரன் ஈடு செய்யலாம். எல்லார் வயலும் ஒரே பருவத்தில் பொய்த்தால் பிணை கொடுப்பவர் யார்? கூட்டுப் பொறுப்பு என்பது தனி மனிதனின் துன்பத்துக்கு அரண். வானமே மாறிவிட்ட துன்பத்துக்கு அது மட்டும் போதாது.

துன்பங்கள் தனித்து வருவதில்லை. பூச்சியை எதிர்க்கும் மரபணு மாற்றிய பருத்தி 2008இல் அங்கே பரப்பப்பட்டது. விளைச்சல் குறையவில்லை, ஆனால் இழையின் நீளம் குறைந்து, புர்க்கினா பஞ்சுக்கு உலகச் சந்தையில் இருந்த நற்பெயர் கெட்டது. 2016 முதல் அதனைக் கைவிட்டனர். இழை நீளத்தின் அருமையை நெசவாளருக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. 2022இல், நம் நாட்டுப் பருத்தி உழவர் நன்கறிந்த தத்துப்பூச்சி இனம் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளில் பரவி விளைச்சலைப் பெரிதும் அழித்தது.

இவ்வளவும் தாங்கி விளைவித்த பஞ்சின் மிகப் பெரும்பகுதி, கொட்டை நீக்கிய அளவில் மூட்டையாகக் கட்டப்பட்டு, அண்டை நாட்டுத் துறைமுகங்கள் வழியே வெளியேறுகிறது. நூற்பும் நெசவும் தையலும் பிற நாடுகளில் நடக்கின்றன; அவற்றின் கூலியும் அங்கேயே தங்குகிறது. விலையும் அயலாரால் முடிவு செய்யப்படுகிறது. 2001-02இல் உலகப் பருத்தி விலை பல்லாண்டுகளாகக் காணாத அளவுக்கு வீழ்ந்தபோது, செல்வ நாடுகள், சிறப்பாக அமெரிக்கா, தம் பண்ணையாளருக்குப் பெருந்தொகை மானியம் அளித்து வந்தன. 2003இல் பெனின், புர்க்கினா பாசோ, சாடு, மாலி ஆகிய நான்கு நாடுகளும் உலக வர்த்தக நிறுவனத்தில் ஒன்றாக நின்று இதனை எதிர்த்து முறையிட்டன. எங்களுக்கு உதவி வேண்டாம், நேரிய விலை வேண்டும் என்பதே அவர்கள் முறையீட்டின் சாரம். பருத்திக்கான ஏற்றுமதி மானியங்களை நீக்க 2015இல் நைரோபி மாநாடு முடிவு செய்தது. உள்நாட்டு மானியங்களைப் பற்றிய வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

தறியின் பங்கு

பஞ்சை நாட்டிலேயே நிறுத்தும் வழி ஒன்று அவர்களிடம் உண்டு. பாசோ டான் பானி என்னும் கைத்தறித் துணியே அது. தாய்நாட்டில் நெய்த துணி என்பது அதன் பொருள். குறுகிய தறியில் பட்டைகளாக நெய்து, பின் இணைத்துத் தைப்பது பழைய முறை. இக்காலத்தில் அகலத் தறிகளில் பெண்கள் பெருந்தொகையினராக நெய்கின்றனர். 1980களில் சங்காரா அரசு ஊழியர் அதனை உடுக்க வேண்டுமென ஆணையிட்டார். 1987இல் அவர் கொல்லப்பட்டபின் அவ்வேகம் தளர்ந்தது. கூடூகு நகரில் இருந்த பாசோ பானி துணி ஆலையும் 2001இல் மூடப்பட்டது. ஆயினும் கைத்தறி மடியவில்லை. அண்மை ஆண்டுகளில் அத்துணிக்கு நாட்டில் மீண்டும் மதிப்பு உயர்ந்திருக்கிறது. போபோ டியூலாசோ நகரின் நூற்பாலை நெசவாளருக்கு நூல் அளிக்கிறது.

இதில் பருவநிலைக்கும் தொடர்புண்டு. மழையை மட்டும் நம்பிய குடும்பத்துக்கு ஆண்டில் நான்கு மாதமே வருவாய். தறியுள்ள வீட்டில் மழை பொய்த்த ஆண்டிலும் தானியம் வாங்கக் காசு இருக்கும். அபிவிருத்தி என்பது வயலுக்கு வெளியேயும் ஒரு வேலை இருப்பதாகும்.

நாம் அறிய வேண்டுவது

அந்நாட்டின் இன்றைய நிலையை மறைத்துப் பேசுதல் தகாது. 2015 முதல் ஆயுதக் கும்பல்களின் வன்முறை வடக்கையும் கிழக்கையும் சூழ்ந்துள்ளது. 2022இல் இருமுறை இராணுவத்தினர் ஆட்சியைக் கைப்பற்றினர். 2023 மார்ச்சில் அரசின் கணக்குப்படியே இருபது இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஊரை விட்டு வெளியேறியிருந்தனர். கல்வரப்பு கட்டியவன் அகதியாகிவிட்டால் வரப்பைப் பேணுவார் யார்? அமைதியின்றி எந்த அபிவிருத்தியும் நிலைக்காது.

உலகத்தின் கடமையும் உண்டு. ஆப்பிரிக்காக் கண்டம் முழுவதுமே உலகின் கரிவாயுவில் இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவே வெளியிடுகிறது. அதில் புர்க்கினா பாசோவின் பங்கு அணு அளவு. செல்வ நாடுகள் ஆண்டுக்குப் பதினாயிரம் கோடி டாலர் உதவுவதாக 2009இல் வாக்களித்து 2020க்குள் தருவதாகக் கூறின. 2022இல்தான் அத்தொகையை எட்டின. கடன் தவணை இரண்டாண்டு தவறிய அங்கத்தினரை நம் சங்கங்கள் எவ்வாறு நடத்தும் என்பதை நினைத்துப் பார்த்தால், இத்தவறுதலின் பொருள் விளங்கும்.

இவ்வரலாற்றிலிருந்து கூட்டுறவாளர் எடுத்துக்கொள்ள வேண்டியவை மூன்று. முதலாவது, இயந்திரத்தால் போட்ட கரை சிதைந்தது, உழவர் கலந்து பேசிக் கட்டிய கல்வரப்பு நின்றது. திட்டம் எதுவாயினும் அதில் அங்கத்தினர் சொல் இருக்க வேண்டும். இரண்டாவது, பொதுப் பேரிடரைத் தாங்கத் தனிச் சங்கத்தின் பிணை போதாது. நல்லாண்டில் சேமநிதி ஒதுக்குதலும், சங்கங்கள் ஒன்றியமாய் இணைதலும், காப்பீட்டுக்கு அரசிடம் வாதாடுதலும் இன்றியமையாதவை. மூன்றாவது, விளைபொருளை மூல நிலையில் விற்பவன் மழைக்கும் அடிமை, விலைக்கும் அடிமை. உழவனின் சங்கமும் நெசவாளியின் சங்கமும் கைகோத்தால் அவ்வடிமைத்தனத்தில் ஒரு பாதியேனும் தளரும்.

ஓடும் நீரை நிறுத்த யாட்டெங்கா மக்கள் வழி கண்டார்கள். ஓடும் பஞ்சை நிறுத்த அவர்களுடைய உழைப்பு மட்டும் போதாது. உலகச் சந்தையின் நீதியும் வேண்டும். அந்நீதிக்காக நான்கு ஏழை நாடுகள் எழுப்பிய குரல், பருத்தியை விதைக்கும் கையும் நெய்யும் கையும் எந்நாட்டில் இருப்பினும், அவற்றுக்கெல்லாம் உரிய குரலேயாகும்.